நோயாளியின் நாற்காலியில் ஒரு தாதி

ஓர் ஊரின் பெயரைக் கெடுக்க அவதூறு தேவையில்லை; அக்கறையோடு எழுதப்பட்ட ஓர் அறிக்கையே போதும். ஒஸ்லோவின் வடகிழக்கே, குரூருட் பள்ளத்தாக்கில் இருக்கும் அம்மருட்டுக்கு நேர்ந்தது அதுதான். தலைநகரின் வீட்டுப் பஞ்சத்தைத் தீர்க்க 1960-களில் அங்கே அடுக்குமாடிகள் எழுந்தன. கட்டடக் கலைஞர் ஹோகன் மியெல்வா வரைந்த உயர்ந்த தொகுதிகள் இன்றும் தொலைவிலிருந்தே தெரியும். 1966 ஒக்டோபரில் சுரங்க ரயிலும் வந்து சேர்ந்தது. அந்தப் பத்தாண்டு முடியும் தறுவாயில் ஆன் செட்டர்டால், தூர்பியர்ன் ஹான்சன் என்ற இரு ஆய்வாளர்கள் இந்தக் குடியிருப்பை ஆராய்ந்து அறிக்கை எழுதினார்கள். இப்படிப்பட்ட புறநகரில் மனிதர்கள், குறிப்பாகக் குழந்தைகள், எப்படி வாழ முடியும் என்பது அவர்களின் கவலை. கேட்கவேண்டிய கேள்விதான். ஆனால் நாடு முழுக்க எழுந்த விவாதத்தில் அம்மருட் என்ற பெயரே புறநகர் வாழ்வின் குறைகளுக்கு அடையாளமாகிப்போனது. குடியிருப்பாளர்கள் வேண்டாத முத்திரை ஒன்றைச் சுமக்க நேர்ந்தது.

ஒருவரின் துன்பத்தை மற்றவர்களுக்குக் காட்டப் போய், அவர்மீது முத்திரையைக் குத்திவிட்டு வருவது எவ்வளவு எளிது என்பதற்கு இது ஒரு பழைய சாட்சி. இன்று தாதியர் கல்லூரிகளுக்குள் நுழைந்துகொண்டிருக்கும் மெய்நிகர் கண்ணாடிகள் அதே இடத்தில்தான் நிற்கின்றன. மனநோய் உள்ளவரின் உலகை மாணவிக்குக் காட்டினால் அவரைப் பற்றிய இழிவான எண்ணம் கரையும் என்பது நம்பிக்கை. எதைக் காட்டுகிறோம், யார் கண்ணால் காட்டுகிறோம் என்பதைப் பொறுத்து அந்த எண்ணம் கரையவும் செய்யும், இறுகவும் செய்யும்.

அம்மருட்டின் இன்றைய முகம் வேறு. சிவசுப்பிரமணியர் ஆலயத்தின் திருவிழாவுக்கு நோர்வேயின் பல மூலைகளிலிருந்தும் தமிழர்கள் திரளும் இடம் இது. 1980-களில் மக்கள் உயர்நிலைப் பள்ளிகளுக்கு மாணவர்களாகவும், பின்னர் அகதிகளாகவும் வந்த இலங்கைத் தமிழர்களில் பலர் வடகோடிப் பின்மார்க்கின் மீன் தொழிற்சாலைகளில் உழைத்துவிட்டுத் தெற்கே ஒஸ்லோவுக்கு இறங்கியவர்கள். குரூருட் பள்ளத்தாக்கு அவர்களுக்கு வீடானது. அவர்களின் பிள்ளைகள் இன்று இந்த நாட்டு வைத்தியசாலைகளில் தாதியராகவும் வைத்தியர்களாகவும் இருக்கிறார்கள்.

அவர்கள் விட்டுவந்த நிலத்தின் நிலை என்ன? போர் முடிந்த சில மாதங்களில், 2009-இல், யாழ்ப்பாண மாவட்டத்தில் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பு 2011-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வெளியானது. கேட்கப்பட்டவர்களில் 22.2 விழுக்காட்டினரிடம் மனச்சோர்வின் அறிகுறிகளும், 32.6 விழுக்காட்டினரிடம் பதற்றத்தின் அறிகுறிகளும், 7 விழுக்காட்டினரிடம் பேரதிர்ச்சிக்குப் பிந்தைய நெருக்கீடும் காணப்பட்டன. யாழ்ப்பாணத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய மனநல வைத்தியப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் இந்தக் காயங்களைப் பற்றிப் போர் நடந்தபோதே எழுதியவர். கடல் கடந்து வந்தவர்கள் அந்தக் காயத்தைத் துறைமுகத்தில் இறக்கி வைத்துவிட்டு வரவில்லை. வைத்தியரிடம் போனால் அது தலையிடியாக, நெஞ்செரிவாக, நித்திரையின்மையாக, "உடம்பெல்லாம் உளைவு" என்ற முறைப்பாடாக வெளிவரும். "விசர்" என்ற பட்டம் பிள்ளையின் கல்யாணப் பேச்சு வரைக்கும் தொடரும் என்ற அச்சம் இருக்கும்போது, மனம் என்ற சொல்லை எவரும் முதலில் எடுப்பதில்லை.

இங்கேதான் தாதியின் பார்வை முக்கியமாகிறது. வைத்தியருக்கு முன்பே நோயாளியைச் சந்திப்பவர் அவர். கணினித் திரையில் "முன்பு மனச்சோர்வுக்குச் சிகிச்சை பெற்றவர்" என்ற ஒரு வரி இருந்தால், நெஞ்சு நோகிறது என்று வந்தவரின் நெஞ்சு அதன் பின்னால் மறைந்துபோகலாம். உடல் நோயின் அறிகுறிகளையும் மனநோயின் கணக்கில் எழுதிவிடும் இந்தப் பழக்கம் மருத்துவ உலகம் நன்கு அறிந்த குறைபாடு. கடும் மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்பாகவே இறக்கிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லிவருகிறது. அவர்களில் பெரும்பாலோரைக் கொல்வது இதய நோய், சர்க்கரை நோய் போன்ற, தடுக்கக்கூடிய உடல் நோய்கள். மனநோய் சார்ந்த களங்கத்தை ஒழிப்பது பற்றி 2022-இல் லான்செட் இதழ் அமைத்த ஆணையமும் மருத்துவத் துறைக்குள் இருக்கும் களங்கத்தைத் தனியே சுட்டியது. தாதியின் மனச்சாய்வு மரியாதைக் குறைவோடு நிற்பதில்லை. இரத்த அழுத்தம் பார்க்கப்பட்டதா, இதய மின்வரைபடம் எடுக்கப்பட்டதா என்பதையும் அது தீர்மானிக்கிறது.

ஒத்திகை பார்த்துப் படிப்பது நோர்வேக்குப் புதிதல்ல. ஸ்தவாங்கர் நகரில் பொம்மை செய்து விற்றுக்கொண்டிருந்த ஓஸ்முன் லார்டால்தான் 1960-இல் "ஆன்" என்ற மூச்சூட்டும் பயிற்சிப் பொம்மையை உலகுக்குத் தந்தார். பாரிஸில் சேன் நதியில் மூழ்கி இறந்ததாகக் கதை சொல்லப்படும், பெயர் தெரியாத ஒரு பெண்ணின் முகவார்ப்பே அந்தப் பொம்மையின் முகம். நெஞ்சை எங்கே அழுத்துவது, எவ்வளவு ஆழம் அழுத்துவது என்று உலகெங்கும் கோடிக்கணக்கான கைகள் அதில் பழகின. கைக்குப் பழக்கம் தந்தது பொம்மை. குரல்கள் கேட்கின்றன என்று சொல்லும் ஒருவரின் முன்னால் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்பதை எந்தப் பொம்மையிடம் பழகுவது?

இதற்கு முதலில் விடை தேடியவர்களில் ஒருவர் பட்ரீசியா டீகன். பதின்வயதிலேயே மனச்சிதைவு என்று முத்திரை குத்தப்பட்டு, பின்னர் உளவியலில் முனைவர் பட்டம் பெற்ற அமெரிக்கர். காதுக்குள் இடைவிடாமல் ஏசும் குரல்களை ஒலிநாடாவில் பதிந்து, பயிற்சியாளர்களைக் கேட்கவைத்து, அந்த இரைச்சலுக்கு நடுவிலேயே அன்றாடக் காரியங்களைச் செய்யச் சொன்னார். மனநலப் பணியாளர் கேட்கும் வழக்கமான கேள்விகளுக்குப் பதில் சொல்வதும் அவற்றில் ஒன்று. பதில் தடுமாறும்போதுதான், "ஒத்துழைக்கவில்லை" என்று தாம் எழுதும் குறிப்பின் பொருள் பலருக்கு விளங்கியது.

பிறகு படம் வந்தது. ஒரு மருந்து நிறுவனம் "மைண்ட்ஸ்டோர்ம்" என்ற பெயரில் மனச்சிதைவு அனுபவத்தைக் காட்டும் மெய்நிகர் காட்சியை உருவாக்கியது. கலிபோர்னியாவில் பீற்றர் யெலோலீஸ் இணையத்தின் கற்பனை உலகொன்றில் மாயக் காட்சிகள் தோன்றும் வைத்தியசாலையைக் கட்டி, அதைப் பற்றி 2006-இல் எழுதினார். 2017-இல் வெளிவந்து 5 பாஃப்டா விருதுகளை வென்ற "ஹெல்பிளேட்" என்ற கணினி விளையாட்டில், வைக்கிங்குகளின் பாதாள உலகுக்குள் இறங்கும் செனுவா என்ற பெண்ணின் காதுகளைச் சுற்றிக் குரல்கள் சுழன்றுகொண்டே இருக்கும். கேம்பிரிட்ஜ் மனநல வைத்தியர் போல் பிளெட்சரும், குரல் கேட்கும் அனுபவம் உடையவர்களும் அதற்கு ஆலோசனை தந்தார்கள். 2015-இல் திரைப்பட இயக்குநர் கிறிஸ் மில்க் இந்தத் தொழில்நுட்பத்தைப் பரிவு சுரக்கும் இயந்திரம் என்றே கொண்டாடினார்.

இயந்திரம் சுரந்தது என்ன என்று அளந்து பார்த்தவர்களுக்குக் கிடைத்த விடை அவ்வளவு இனிப்பாக இல்லை. குரல்களையும் மாயக் காட்சிகளையும் பாவனையாகக் காட்டும் பயிற்சிகளைப் பற்றிய ஆய்வுகளை 2011-இல் அண்டோவும் சக ஆய்வாளர்களும் தொகுத்துப் பார்த்தார்கள். பரிவு கூடியிருந்தது உண்மை. கூடவே, இப்படிப்பட்டவரிடமிருந்து விலகியிருக்க வேண்டும் என்ற விருப்பமும் கூடியிருந்தது. "ஐயோ பாவம்" என்று மனம் இளகுகிறது. அதே மனம் நாற்காலியைச் சற்றுத் தள்ளிப் போட்டுக்கொள்கிறது. 2010-இல் கல்யாணராமனும் குழுவினரும் வெளியிட்ட பரிசோதனையிலும் இதே முரண் தெரிந்தது. மெய்நிகர் காட்சியை மட்டும் பார்த்தவர்களிடம் விலகல் விருப்பம் மிகுந்திருக்க, அந்த மனிதரின் நிலையில் தம்மை வைத்து எழுதிப் பார்க்கும் பயிற்சியும் சேர்ந்தபோது நல்ல மாற்றம் தெரிந்தது.

ஏன் இப்படி? பார்வையற்றோர் பற்றிய ஓர் ஆய்வு விளக்கம் தருகிறது. ஆரியெல் சில்வர்மன் குழுவினர் 2015-இல் வெளியிட்ட ஆய்வில், கண்ணைக் கட்டிக்கொண்டு நடந்து பார்த்தவர்கள், பார்வையற்றோரால் வேலை செய்யவும் தனித்து வாழவும் முடியும் என்பதை மற்றவர்களைவிடக் குறைவாகவே நம்பினார்கள். கண்ணைக் கட்டிய முதல் 10 நிமிடத்தில் கிடைப்பது பார்வை இழந்த கணத்தின் திகைப்பு மட்டுமே. பல ஆண்டுகள் பழகி, தடியோடும் செவியோடும் வாழக் கற்ற ஒருவரின் திறமை அதில் இல்லை. குரல்களும் அப்படித்தான். 20 ஆண்டுகளாகக் குரல் கேட்டுக்கொண்டே சமைத்து, பிள்ளை வளர்த்து, வேலைக்குப் போகிறவர் இருக்கிறார். கண்ணாடி அணிந்த மாணவிக்குக் கிடைப்பதோ முதல் நாளின் பயங்கரம். அதைக் கழற்றும்போது அவர் மனதில் நிற்பது ஒரு மனிதர் அல்ல, ஒரு திகில் படம்.

இன்னொரு கேள்வி, யாருடைய குரல்களைப் பதிவு செய்வது என்பது. மானுடவியலாளர் தான்யா லூர்மன், சென்னையின் ஸ்கார்ஃப் நிறுவனத்து மனநல வைத்தியர் ஆர். பத்மாவதி ஆகியோர் இணைந்து, சென்னை, கானாவின் அக்ரா, கலிபோர்னியாவின் சான் மத்தேயோ ஆகிய மூன்று இடங்களில் இடத்துக்கு 20 பேராக, குரல் கேட்கும் 60 பேரிடம் பேசினார்கள். அமெரிக்கர்கள் கேட்டவை பெரும்பாலும் வன்முறைக் குரல்கள். முகம் தெரியாதவர்களின் தாக்குதல். சென்னையில் பாதிக்கு மேற்பட்டோர் கேட்டது சொந்தக்காரர்களின் குரல்கள். குளி, சாப்பிடு, வீட்டைக் கூட்டு என்று அதட்டும் குரல்கள். சில வேளை அன்பாகவும் பேசுபவை. அமெரிக்காவில் எழுதிய திரைக்கதையோடு பயிற்சி பெற்ற ஒஸ்லோ தாதி, இறந்துபோன மாமியார் தன்னோடு கதைக்கிறார் என்று சொல்லும் அம்மருட் தமிழ்ப் பெண்ணை எப்படிப் புரிந்துகொள்வார்?

குடிபெயர்வுக்கும் மனநோய்க்கும் உள்ள உறவை உலகுக்கு முதலில் எண்ணிக் காட்டியவர்களில் ஒருவர் நோர்வேக்காரர் என்பது இங்கே நினைக்கத்தக்கது. ஓர்னுல்ஃப் ஓடகோர்ட் 1932-இல் வெளியிட்ட ஆய்வு, அமெரிக்காவின் மினசோட்டாவுக்குக் குடிபெயர்ந்த நோர்வேஜியர்கள் சொந்த நாட்டில் இருந்தவர்களைவிட அதிகமாக மனச்சிதைவு நோய்க்கு ஆளாகி மருத்துவமனைகளில் சேர்ந்ததைக் காட்டியது. எளிதில் நோயுறக்கூடியவர்களே நாட்டைவிட்டுப் போகிறார்கள் என்று அவர் காரணம் கற்பித்தார். புதிய ஊரின் தனிமையும் ஒதுக்கலும் மனிதரை எப்படி நோகடிக்கும் என்பதைப் பிந்தைய ஆய்வாளர்களே அழுத்திச் சொன்னார்கள். ஓடகோர்ட் பின்னர் ஒஸ்லோவின் கௌஸ்தாட் மனநல வைத்தியசாலையின் தலைவரானார். அன்று குடிபெயர்ந்தவரின் முகம் நோர்வேஜிய முகம். இன்று அதே நகரின் புறநகரில் அந்த முகம் வேறு நிறத்தில் இருக்கிறது. மண்டைக்குள் நடப்பதை மட்டும் காட்டும் கண்ணாடி, மண்டைக்கு வெளியே இருக்கும் இந்தக் காரணங்களைப் பார்வையிலிருந்தே அகற்றிவிடுகிறது.

ஆகவே கண்ணாடியைத் தூக்கி எறிந்துவிட வேண்டியதில்லை; அது நோக்கும் திசையைத் திருப்ப வேண்டும். தாதியை நோயாளியின் மண்டைக்குள் இறக்குவதை விட்டுவிட்டு, நோயாளியின் நாற்காலியில் உட்காரவைக்கலாம். அங்கிருந்து அவர் பார்க்க வேண்டியது பேய்களை அல்ல, தன்னை.

தொழில்நுட்பம் இதற்கு ஏற்கெனவே தயார். பார்சலோனாப் பல்கலைக்கழகத்தில் மெல் ஸ்லேட்டர் குழுவினர் 2015-இல் ஒரு பரிசோதனையைப் பற்றி எழுதினார்கள். பங்கேற்பவர் தன் உருவில் அமர்ந்து தன் மனக்குறையை எதிரில் இருக்கும் சிக்மண்ட் பிராய்டிடம் சொல்வார். உடனே இடம் மாறி, பிராய்டின் உடலுக்குள் வந்து, தான் பேசியதைத் தானே கேட்டுப் பதில் சொல்வார். இதையே வைத்தியசாலைக்கு மாற்றினால் போதும். இரவு அவசர சேவையின் காட்சி. 50 வயதுத் தமிழ்ப் பெண் ஒருவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு வந்திருக்கிறார். திரையில் பழைய மனச்சோர்வுக் குறிப்பு. பக்கத்தில் பள்ளி வயதுப் பிள்ளை ஒன்று மொழிபெயர்க்கத் தயாராக நிற்கிறது. மாணவி தாதியாகப் பேசி முடித்ததும், அடுத்த நிமிடம் அந்தப் பெண்ணின் நாற்காலியில் இருப்பார். தன் குரல் மேலேயிருந்து வருவதைக் கேட்பார். தன் கண்கள் நோயாளியை விட்டுத் திரைக்குப் போன இடத்தை, பெயரைச் சொல்லி அழைக்காமல் விட்டதை, எழுந்து போகும்போது "ஒன்றுமில்லை" என்று சொன்னதைப் பார்ப்பார். இந்தக் காட்சியில் சட்டப் பாடமும் உண்டு: 2022 ஜனவரி முதல் நடைமுறையில் உள்ள நோர்வேயின் மொழிபெயர்ப்பாளர் சட்டம் பிள்ளைகளை மொழிபெயர்க்கவைப்பதைத் தடுக்கிறது. தாயின் தற்கொலை எண்ணத்தை மகன் வாயால் கேட்கக் கூடாது என்பதை விதியாகப் படிப்பதும், அந்த மகனின் முகத்தைத் தாயின் இடத்திலிருந்து பார்ப்பதும் வேறு வேறு படிப்புகள்.

இப்படி உடல் மாற்றிப் பார்ப்பதிலும் பொறி உண்டு. கறுப்பின உருவத்தை அணிந்து பார்த்தவர்களின் உள்ளார்ந்த இனச்சாய்வு குறைந்ததாக 2013-இல் ஸ்லேட்டரின் குழு கண்டது. அதற்கு 4 ஆண்டுகள் முன் அமெரிக்காவில் நடந்த ஒரு பரிசோதனையில் அதே சாய்வு கூடியிருந்தது. அங்கே அமைக்கப்பட்ட காட்சி வேலைக்கான நேர்காணல். கருவி ஒன்றே, காட்சி வேறானதும் விளைவு தலைகீழானது. ஆகவே திரைக்கதையை எழுதும் அறையில் யார் இருக்கிறார்கள் என்பதே முதல் கேள்வி. அங்கே நோயோடு வாழ்ந்தவர்கள் இருக்க வேண்டும்.

நோர்வேக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது. மனநோயைத் தாமே கடந்து வந்தவர்களை "அனுபவ ஆலோசகர்" என்ற பதவியில் மனநல சேவைகளுக்குள் சம்பளத்துக்கு அமர்த்தும் வழக்கம் இங்கு வேரூன்றியிருக்கிறது. ஆர்ன்ஹில்ட் லௌவெங் என்ற நோர்வேப் பெண் பதின்வயதிலிருந்து சுமார் 10 ஆண்டுகள் மனச்சிதைவோடு வைத்தியசாலைகளில் அலைந்து, மீண்டு, படித்து, மருத்துவ உளவியலாளரானவர். தன் நோய்க்காலத்தைப் பற்றி அவர் 2005-இல் வெளியிட்ட நூல் பல மொழிகளில் வாசிக்கப்படுகிறது. இந்த நாட்டின் அன்றைய பிரதமர் ஹ்யெல் மாக்னெ பூன்டவீக் 1998 ஆகஸ்ட் இறுதியில் மனச்சோர்வு என்று பகிரங்கமாகச் சொல்லிவிட்டு மூன்று வாரங்களுக்கு மேல் மருத்துவ விடுப்பில் போனார். திரும்பி வந்து ஆட்சி செய்தார். 2001-இல் மீண்டும் பிரதமரானார். 2002 பெப்ரவரியில் இலங்கையில் கையெழுத்தான போர்நிறுத்தத்துக்கு நோர்வே நடுநின்றபோது ஒஸ்லோவில் ஆட்சியில் இருந்தவர் அவர்தான். அந்த ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வரியையும் விவாதித்த ஈழத்தமிழர்களில் எத்தனை பேர் அந்தப் பிரதமரின் விடுப்பைப் பற்றி வீட்டில் பேசியிருப்பார்கள்?

களங்கத்தைக் குறைப்பது எது என்று பட்ரிக் கோரிகன் குழுவினர் 14 நாடுகளின் ஆய்வுகளைத் திரட்டி 2012-இல் கணக்கிட்டார்கள். வளர்ந்தவர்களிடம் பாடம் நடத்துவதைவிட, மனநோயிலிருந்து மீண்டுவரும் ஒருவரைச் சந்திக்கவைப்பது அதிகப் பலன் தந்தது. அந்தச் சந்திப்பும் காணொளியில் நடப்பதைவிட நேருக்கு நேர் நடக்கும்போது வலுவாக இருந்தது. எனவே மெய்நிகர் காட்சிக்கு ஒதுக்க வேண்டியது 15 நிமிடம். அதற்குப் பின் அனுபவ ஆலோசகர் ஒருவரோடு உட்கார்ந்து பேச ஒதுக்க வேண்டியது ஒரு முழு மாலை. மாணவர்களிலும் மனநோயை உள்ளுக்குள் சுமப்பவர்கள் இருப்பார்கள். வேண்டாம் என்று சொல்லவும் இடையில் கழற்றவும் அவர்களுக்கு உரிமை வேண்டும். ஐரோப்பிய நெறிமுறை தாதியர் கல்விக்கு விதிக்கும் 4,600 மணி நேரத்தில் பாதியாவது களப்பயிற்சியாக இருக்க வேண்டும். பயிற்சி இடம் கிடைக்காத தட்டுப்பாட்டில், நோயாளிக்குப் பதில் கண்ணாடி என்று கணக்கை நேர்செய்யும் ஆசை நிர்வாகங்களுக்கு வரும். அதற்கு இடம் கொடுத்தால் கோரிகன் கண்டதற்கு நேர்மாறான வழியில் போவதாகும்.

தமிழ்நாட்டுக்கும் இதில் எடுத்துக்கொள்ள ஏதோ இருக்கிறது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில், சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகியதை அறிந்த மாநிலம் அது. பெங்களூரின் நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015–16 தேசிய மனநல ஆய்வின்படி, நோயைப் பொறுத்து மனநோயாளிகளில் 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சைக்கு வெளியே இருந்தார்கள். அப்படிப்பட்டவர்களை முதலில் சந்திக்கப்போவது ஆரம்ப சுகாதார நிலையத்துச் செவிலியர்தான். அவருக்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. கைபேசியைச் செருகிப் பார்க்கும் அட்டைப்பெட்டிக் கண்ணாடியும், சுற்றுப்பார்வைக் காணொளியும் போதும். சாரதா மேனன் 1984-இல் தொடங்கிய ஸ்கார்ஃபும், 1993 முதல் இயங்கும் பான்யன் என்ற மனநல அமைப்பும் இருக்கும் சென்னையில், திரைக்கதைக்கு வேண்டிய அனுபவசாலிகளுக்குப் பஞ்சமில்லை.

நோர்வே அரசு 2023 முதல் 2033 வரைக்குமான மனநல விரிவாக்கத் திட்டத்தை நடத்திக்கொண்டிருக்கிறது. அந்தக் காலத்துக்குள் மெய்நிகர் பயிற்சிக்குப் பணம் ஒதுக்கும் எந்தக் கல்லூரியும் அதன் வெற்றியை எதைக்கொண்டு அளப்பது என்பதை முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். கண்ணாடியைக் கழற்றிய கையோடு மாணவி நிரப்பும் வினாத்தாளில் பரிவு பெரும்பாலும் உயர்ந்தே தெரியும். ஓராண்டு கழித்து, அதே மாணவி வேலை பார்க்கும் அவசர சேவையில், மனநோய்க் குறிப்பு உள்ள நோயாளி நெஞ்சுநோவோடு வந்தால் இதய மின்வரைபடம் எத்தனையாவது நிமிடத்தில் எடுக்கப்படுகிறது, மொழிபெயர்ப்பாளர் அழைக்கப்படுகிறாரா, குறிப்பு இல்லாத நோயாளியோடு ஒப்பிட்டால் காத்திருப்பு எவ்வளவு என்று பதிவேடுகளில் பார்க்கலாம். இந்த எண்களில் பெரும்பாலானவை வைத்தியசாலைக் கணினிகளில் ஏற்கெனவே விழுந்துகொண்டிருப்பவை. கல்லூரியும் வைத்தியசாலையும் ஒன்றாக உட்கார்ந்து அவற்றை எடுத்துப் பார்க்க ஒப்புக்கொள்வதுதான் மிச்சம்.